மூன்றரைக் கட்டை எங்கே? கிதாரில் சுரப் பெயர்கள் கற்பது பற்றிய இழை

பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி, 2 ஜூன் 2024

ஓராண்டாகக் கிதார் வாசிக்கிறேன். கம்பிக்கு எண், ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எண் என்று எழுதிய டேப்பைப் பார்த்து எந்தப் பாட்டையும் இரண்டு நாளில் வாசித்துவிடுகிறேன். இருபது கார்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) கைக்கு வந்துவிட்டன. இப்போது என் ஆசிரியர் ஒவ்வோர் ஃப்ரெட்டிலும் என்ன சுரம் இருக்கிறது என்று பெயர் சொல்லிப் படி என்கிறார். எந்தக் கம்பியில் எத்தனையாவது ஃப்ரெட் என்று தெரிந்தால் போதாதா? பெயர்தான் வேண்டுமென்றால் நம்மிடம் ச ரி க ம இருக்கும்போது ஏ, பி, சி எதற்கு? இது வீண் சுமை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2 ஜூன் 2024, இரவு

இதே கருத்தை நான் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். அது எங்கே உடைந்தது என்று சொன்னால் அதுவே மறுப்பாகிவிடும்.

நான் காரிமங்கலத்தை அடுத்த சிற்றூர்க்காரன். தொழில் நில அளவை. என் அப்பா தெருக்கூத்துக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். நானோ முப்பத்தொன்பதாம் வயதில்தான் கிதாரைக் கையில் எடுத்தேன். 2022 மார்கழியில் எங்கள் ஊர்ப் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவருக்குக் காய்ச்சல் கண்டுவிட, என்னைக் கிதாரோடு உட்காரச் சொன்னார்கள். பாட வந்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டரைக் கட்டையில குடுப்பா" என்றார். என் கை அசையவில்லை. எனக்கு முப்பது பாட்டுகளின் எண்கள் தெரியும். ஆனால் இரண்டரைக் கட்டை என்ற சுருதி எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்று தெரியாது. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தாமாகவே பாடத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை நான் கம்பிகளைத் தடவித் தேடிக்கொண்டிருந்தேன்.

எண் விரலுக்குச் சொல்லும் வழி. அந்த வழியில் போனால் என்ன ஒலி கிடைக்கிறது என்பதைப் பெயர்தான் சொல்கிறது. தனியாக வாசிக்கும்வரை எண் போதும். பக்கத்தில் ஒருவர் பாட உட்கார்ந்துவிட்டால், அவருக்கு உங்கள் எண் புரியாது. அவர் சொல்வது உங்களுக்குப் புரியாது.

இனி ச ரி க ம பற்றி. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கொல்லையை அதன் உரிமையாளர் மேல்கொல்லை என்பார், ஏனென்றால் அது அவர் வீட்டுக்கு மேற்புறம் இருக்கிறது. அதே கொல்லையை மேட்டில் குடியிருப்பவர் கீழ்க்கொல்லை என்பார். இரண்டும் சரியான பெயர்களே. ஆனால் பத்திரத்தில் சர்வே எண்தான் எழுத வேண்டும். அது யார் எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. ச ரி க ம என்பவை மேல்கொல்லை, கீழ்க்கொல்லை போன்றவை: பாடுகிறவர் எங்கே ‘ச’ வைத்துக்கொள்கிறாரோ அங்கிருந்து எண்ணப்படுபவை. ஓர் ஆண் ஒரு கட்டையில் ‘ச’ வைத்துப் பாடுவார். ஒரு பெண் ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பாடுவார். இருவரும் அதை ‘ச’ என்றே சொல்வார்கள். ஆகவே கிதாரில் ‘ச’ எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, யார் பாடுகிறார்கள் என்று தெரியாமல் விடையே கிடையாது.

சர்வே எண்ணின் வேலையைத் தமிழ்நாட்டில் கட்டை செய்கிறது. ஒரு கட்டை என்பது சி. இரண்டு கட்டை டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இவை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள். இடையிலுள்ள கருப்புக் கட்டைகளுக்கு ‘அரை’ சேர்க்கிறோம்: ஒன்றரை என்பது சி ஷார்ப் (சிக்கு அரைச் சுரம் மேலே), இரண்டரை டி ஷார்ப், நான்கரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். ஏ, பி, சி என்பது அயல் சுமை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நம்மூர் பஜனை மடத்திலும் கூத்துப் பந்தலிலும் அதே பெயர்ப்பட்டியல் வேறு உடையில் எப்போதோ வந்து அமர்ந்துவிட்டது.

3 ஜூன் 2024

நேற்று எழுதாமல் விட்டது. கிதாரின் ஆறு கம்பிகளையும் கட்டைக் கணக்கில் தடித்த கம்பியிலிருந்து சொல்லிப் பாருங்கள்: மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று. அதாவது இ, ஏ, டி, ஜி, பி, இ. நான் இதைக் கைப்பேசி எண்ணைப்போல ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தேன்.

4 ஜூன் 2024

மூன்றரைக் கட்டை ஏன் சொல்லவில்லை, விட்டுப்போயிற்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விட்டுப்போகவில்லை. மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது.

சிறுவயதில் இதே கேள்வியை அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் என் விரலைப் பிடித்து மூன்றாவது வெள்ளையில் வைத்து, "அடுத்தாப்ல பாரு, அதுவும் வெள்ளை. நடுவுல கருப்பு இல்ல, அப்புறம் அரை எங்கிருந்து வரும்?" என்றார். ஏழாவதற்கும் அப்படியே காட்டிவிட்டு, "ஏழரை சனீஸ்வரனுக்கு மட்டும்தான்" என்று சிரித்தார். முப்பது ஆண்டுகள் கழித்துக் கிதார் வகுப்பில், இ–எஃப் இடையிலும் பி–சி இடையிலும் ஷார்ப் இல்லை என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, மற்றவர்கள் அதை ஒரு விதிவிலக்காக மனப்பாடம் செய்ய முயன்றார்கள். எனக்கு அந்த இரண்டு வெள்ளைக் கட்டைகள் கண்ணில் தெரிந்தன.

கிதாரில் கருப்பும் வெள்ளையும் இல்லை. எல்லா ஃப்ரெட்டும் ஒரே நிறம். தொடக்கத்தில் வரும் தடுமாற்றத்துக்கு முதற்காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஓர் ஃப்ரெட் நகர்ந்தால் அரைச் சுரம். சியிலிருந்து டிக்கு இரண்டு ஃப்ரெட், டியிலிருந்து இக்கு இரண்டு, ஆனால் இயிலிருந்து எஃபுக்கு ஒன்றே ஒன்று. பிறகு எஃப்–ஜி இரண்டு, ஜி–ஏ இரண்டு, ஏ–பி இரண்டு, பி–சி மறுபடியும் ஒன்று. கூட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அதே பெயர், ஒரு ஸ்தாயி மேலே.

இ ஷார்ப் என்று ஒன்று கிடையாது என்பதை மட்டும் மனத்தில் ஆணியடித்துக்கொண்டால் கிதாரின் பெயர்ப்பலகையில் பாதி முடிந்தது.

6 ஜூன் 2024

இன்று எழுதப்போவது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஓர் இரவு மின்சாரம் போயிருந்தபோது இருட்டில் வாசித்துக்கொண்டிருந்தவனுக்குத் தானாகப் புலப்பட்டது.

கிதாரின் கழுத்துப் பக்கவாட்டில் 3, 5, 7, 9, 12 ஆகிய ஃப்ரெட்களுக்குப் புள்ளி வைத்திருப்பார்கள். கம்பி எண் மெல்லியதிலிருந்து தொடங்கும்: மிக மெல்லியது ஒன்று, மிகத் தடித்தது ஆறு. ஐந்தாம் கம்பியில் முதல் மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்: சி, டி, இ. கட்டைக் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாம் கம்பியில் அதே மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்: ஜி, ஏ, பி. ஐந்து, ஆறு, ஏழு. விடுபட்ட நான்காம் கட்டை, அதாவது எஃப், ஆறாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டிலேயே காத்திருக்கிறது. ஏழு வெள்ளைக் கட்டைகளும் இரண்டு தடித்த கம்பிகளில், பார்க்காமலே தொடக்கூடிய இடங்களில் அடங்கிவிட்டன. அரைக் கட்டைகள் எல்லாம் இவற்றுக்கு ஓர் ஃப்ரெட் மேலே.

ஒன்பதாம் புள்ளியை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். அது ஐந்தாம் கம்பியில் நான்கரை, ஆறாம் கம்பியில் ஒன்றரை, இரண்டுமே கருப்பு. புள்ளி இருக்கும் இடமெல்லாம் வெள்ளைதான் என்று நான் சில வாரம் நினைத்திருந்து, எஃப் என்று எண்ணி எஃப் ஷார்ப்பை அடித்துக்கொண்டிருந்தேன்.

9 ஜூன் 2024

ஃப்ரெட்கள் ஏன் மேலே போகப் போக நெருங்குகின்றன என்று கேள்வி வந்திருக்கிறது. இது என் தொழிலோடு ஒட்டிய கேள்வி என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் கிதாரில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பி படியும் இடம்) பிரிட்ஜ் (உடலில் கம்பி படியும் இடம்) வரை கம்பி நீளம் 650 மில்லிமீட்டர். கிளாசிக்கல் கிதார்களுக்கு இதுவே வழக்கமான அளவு. உருக்கு அளவுகோலால் அளந்தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட் 325இல் இருந்தது, சரிபாதி. கம்பியைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும். அதனால்தான் அங்கே அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கிறது. முதல் ஃப்ரெட் ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டரில் இருந்தது. இந்த அளவு வருகிற வழி: ஒவ்வோர் அரைச் சுரத்துக்கும் அதிர்வெண் ஒரே விகிதத்தில் பெருக வேண்டும், பன்னிரண்டு முறை பெருக்கினால் இரண்டு வர வேண்டும். அந்த விகிதம் சுமார் 1.0595. ஆகவே எஞ்சியிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளம் குறைந்துகொண்டே வருவதால் இடைவெளியும் குறைகிறது.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் என்னும் கம்பிக் கருவி வாசித்தவர். அவர் 16ஆம் நூற்றாண்டில் இதே வேலைக்குப் பதினெட்டில் ஒரு பங்கு என்ற கணக்கைச் சொன்னார். கையால் செய்கிறவர்களுக்கு 18 என்பது எவ்வளவு எளிது! ஆனால் 650 மில்லிமீட்டர்க் கம்பியில் பதினெட்டால் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் ஃப்ரெட் 325க்கு வராமல் 322.6இல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பிழை. பன்னிரண்டு முறை சேர்ந்தால் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதிதாக அளவை கற்கும் பையன்களிடம், ஒவ்வொரு கல்லையும் முந்தைய கல்லிலிருந்து அளக்காதே, அடிக்கல்லிலிருந்தே அள என்று நாங்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றையும் அளந்தேன். பஞ்சமம், அதாவது ‘ப’, கம்பியின் மூன்றில் ஒரு பங்கில் பிறக்கும் என்பார்கள். 650க்கு அது 216.7. ஏழாம் ஃப்ரெட் இருப்பதோ 216.2இல். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நம் தம்புராவின் பஞ்சமத்துக்கும் கிதார்ப் பஞ்சமத்துக்கும் இடையிலான ஒரு மயிரிழை அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கிதார் எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக எல்லாச் சுரங்களும் சற்றே விட்டுக்கொடுத்திருக்கின்றன.

10 ஜூன் 2024

4ஆம் தேதிக் குறிப்பில் இ ஷார்ப் கிடையாது என்று எழுதியது தவறு. ஓசூரில் வயலின் கற்கும் வாசகர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி.

இக்கும் எஃபுக்கும் நடுவில் தனி இடம் கிடையாது என்பதே சரி. இ ஷார்ப் என்ற பெயர் உண்டு. அது எஃப் இருக்கும் அதே ஃப்ரெட்டில் குடியிருக்கிறது. எஃப் ஷார்ப்பில் தொடங்கும் மேஜர் ஸ்கேலை (நம் சங்கராபரணத்தின் சுர வரிசை) எழுதிப் பாருங்கள்: எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், அப்புறம் ஏழாவது. அதை எஃப் என்று எழுதினால் எஃப் எழுத்து இருமுறை வரும், இ வரவே வராது. ஒரு ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வர வேண்டும் என்பதால் அங்கே இ ஷார்ப் என்றுதான் எழுதுவார்கள். எஃப் மேஜரில் ஏ ஷார்ப் என்று எழுதாமல் பி ஃபிளாட் (பிக்கு அரைச் சுரம் கீழே) என்று எழுதுவதும் அதே விதியால்தான்.

முதலில் இது வெறும் எழுத்து வழக்கு என்று எனக்குப் பட்டது. இரவு யோசித்தபோது நம்மிடமும் இதே நியாயம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஷட்சுருதி ரிஷபமும் (‘ரி’யின் ஒரு வகை) சாதாரண காந்தாரமும் (‘க’வின் ஒரு வகை) ஒரே இடம்தான். நாட்டை ராகத்தில் அந்தர காந்தாரம் (இன்னும் ஓர் அரைச் சுரம் மேலான ‘க’) ஏற்கெனவே காந்தாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், அந்த இடத்தை ரிஷபம் என்கிறோம். கரகரப்பிரியா ராகத்தில் சதுச்சுருதி ரிஷபம் (‘ரி’யின் இன்னொரு வகை) இருப்பதால் அதே இடத்தைக் காந்தாரம் என்கிறோம். பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர்கள் இருப்பது இதனால்தான். ஒரு சுரத்தின் பெயர் அதன் இடத்தை மட்டும் பொறுத்ததன்று; உடன் இருப்பவர்களையும் பொறுத்தது.

13 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: இவ்வளவும் தனிச் சுரம் வாசிப்பவருக்கு, நான் கார்ட் பிடித்துப் பாடுகிறவன், எனக்கு எதற்கு?

இ மேஜர் கார்டைப் பிடியுங்கள். மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். இ மைனர் ஆகிவிட்டது. பாட்டின் முகமே மாறிவிட்டது. ஆனால் மாறியது ஒரே ஒரு விரல். அங்கே என்ன நடந்தது என்று எண்ணால் சொல்லுங்கள் பார்க்கலாம். பெயரால் சொல்ல முடியும்: ஜி ஷார்ப் இருந்த இடத்துக்கு ஜி வந்தது. நம் பெயரால் இன்னும் அழகாகச் சொல்ல முடியும்: இயை ‘ச’ என்று வைத்தால் அந்தர காந்தாரம் போய்ச் சாதாரண காந்தாரம் வந்தது. டி மேஜரிலும் டி மைனரிலும் இதே மாற்றம் முதல் கம்பியில் நடக்கிறது. இரண்டாம் ஃப்ரெட்டிலுள்ள எஃப் ஷார்ப் முதல் ஃப்ரெட்டுக்கு இறங்கி எஃப் ஆகிறது. மேஜர் என்றால் ச, அந்தர காந்தாரம், ப. மைனர் என்றால் ச, சாதாரண காந்தாரம், ப. இருபது கார்ட்களையும் இருபது உருவங்களாக நீங்கள் சுமக்கிறீர்கள். பெயர் தெரிந்தால் பெரும்பாலானவை இரண்டு உருவங்களாகச் சுருங்கிவிடும். சுமை எது என்று இப்போது சொல்லுங்கள்.

கட்டைக் கணக்கிலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சி மேஜர் 1, 3, 5. எஃப் மேஜர் 4, 6, 1. ஜி மேஜர் 5, 7, 2. ஏ மைனர் 6, 1, 3. சி கார்டுக்கும் ஏ மைனருக்கும் பொதுவாக ஒன்றும் மூன்றும் இருக்கின்றன. அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது வீட்டுக்குள்ளேயே கூடம் மாறியது போல் இருக்கிறது.

17 ஜூன் 2024

கேப்போ (ஓர் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் என் பேச்செல்லாம் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, இதில் எனக்கே இரண்டாம் சிந்தனை வந்துவிட்டது.

இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி சி கார்ட் உருவத்தைப் பிடித்தால் ஒலிப்பது டி. ஆனாலும் கிதார் வாசிப்பவர்கள் தங்களுக்குள் "சி பிடி, அடுத்து ஜி" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். டேப் எண்களையும் கேப்போவிலிருந்தே எண்ணுவது வழக்கம். அதாவது, அங்கே சி என்ற எழுத்து சர்வே எண்ணாக இல்லாமல் மேல்கொல்லை ஆகிவிடுகிறது. நம் ‘ச’வின் வேலையை அது செய்கிறது. எழுத்து என்றால் அசையாதது, சரிகம என்றால் அசைவது என்று முதல் குறிப்பில் நான் போட்ட வேலி இங்கே சரிந்துவிடுகிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் இதற்கு நேர்மாறு: அவர்கள் தோ, ரே, மி என்று சொல்வதில் தோ எப்போதும் சிதான், அசையாது.

எனவே என் கருத்தைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். அசையும் பெயர், அசையாப் பெயர் என்ற வேறுபாடுதான் முக்கியம். எழுத்தா எண்ணா என்பது அன்று. கேப்போ போட்டு வாசிக்கும்போது பாடுகிறவரிடம் அசையாப் பெயரையே சொல்லுங்கள். நீங்கள் சி உருவம் பிடித்துக்கொண்டு ஒரு கட்டை என்று சொன்னால் அவர் ஒரு கட்டையில் தொடங்குவார்; கிதார் இரண்டு கட்டையில் ஒலிக்கும்.

23 ஜூன் 2024

எப்படிப் பயிற்சி செய்வது என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்த பிழையை முதலில் சொல்கிறேன். ஆறு கம்பிக்கும் பன்னிரண்டு ஃப்ரெட்டுக்கும் ஒரு பெரிய அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டினேன். புலப்படம் வரைந்து பழகிய கை என்பதால் படம் மிக நேர்த்தியாக வந்தது. மூன்று மாதம் அதைப் பார்த்தேன். படம் மனப்பாடம் ஆயிற்று. விரலுக்கு எதுவும் தெரியவில்லை. சுவரைப் பார்க்காமல் எஃப் எங்கே என்றால் மனத்துக்குள் படத்தைக் கொண்டுவந்து எண்ண வேண்டியிருந்தது.

பிறகு ஆசிரியர் சொன்ன வழி: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுரம். இன்று சி என்றால் ஆறு கம்பியிலும் சியை மட்டும் தேடு. வாயால் பெயர் சொல்லிக்கொண்டே அடி. ஆறாம் கம்பியில் எட்டு, ஐந்தில் மூன்று, நான்கில் பத்து, மூன்றில் ஐந்து, இரண்டில் ஒன்று, முதல் கம்பியில் மறுபடி எட்டு. பன்னிரண்டு ஃப்ரெட்டுக்குள் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சுரம் ஓரிடத்தில்தான் வரும். ஆகவே ஆறு இடங்களைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் காலையில் தேநீர் கொதிக்கும் நேரத்தில் செய்தேன். இரண்டு வாரத்தில் ஏழு வெள்ளைகளையும் இருமுறை சுற்றிவந்துவிட்டேன்.

இடங்களை இணைக்க ஒரு வழி உண்டு. ஆறாம் கம்பியிலோ ஐந்தாம் கம்பியிலோ ஒரு சுரம் கிடைத்தால், மெல்லிய கம்பிகளின் பக்கம் இரண்டு கம்பி தாண்டி, இரண்டு ஃப்ரெட் மேலே அதே சுரம். நான்காம் கம்பியிலிருந்தும் மூன்றாம் கம்பியிலிருந்தும் தாண்டினால் மூன்று ஃப்ரெட் மேலே. ஏன் இந்த ஒரு ஃப்ரெட் வேறுபாடு? ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் இடையே மட்டும் இடைவெளி நான்கு அரைச் சுரம். மற்ற எல்லா அடுத்தடுத்த கம்பிகளுக்கும் ஐந்து. சுருதி சேர்க்கும்போது எல்லாக் கம்பியிலும் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தி, மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட்டை அழுத்துகிறோமே, அந்தக் காரணமேதான்.

இரண்டாம் கம்பி எனக்கு இன்றும் தகராறு செய்கிறது. அதற்கு மட்டும் தனியாக ஒன்று செய்கிறேன்: முதல் ஃப்ரெட்டில் சியைத் தொடங்கி 1, 3, 5, 6, 8, 10, 12, 13 என்று ஒரே விரலால் ஏறுகிறேன். அது சங்கராபரணம், மேஜர் ஸ்கேலும் அதுதான். சி, டி, இ, எஃப் என்று ஏறும்போதும் ச, ரி, க, ம என்று இறங்கும்போதும் வாய் பழகிக்கொள்கிறது.

24 ஜூன் 2024

நேற்றைய கடைசி வரியில் பிழை. ஏறும்போது சி, டி, இ. இறங்கும்போது ச, நி, த, ப என்றுதான் சொல்ல வேண்டும். இறக்கத்தில் தலைகீழாகச் சொல்வது கடினம் என்பதால்தான் அதைச் செய்ய வேண்டும்.

30 ஜூன் 2024

ஏ, பி, சியும் வேண்டாம், ச ரி க மவும் வேண்டாம், தமிழில் பெயரில்லையா என்று ஒரு வாசகர் வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றை இன்று முறையே ச, ரி, க, ம, ப, த, நி என்று பெரும்பாலும் ஒப்பிடுவார்கள். இவையும் அசையும் பெயர்களே. ஆகவே கட்டையின் வேலையை இவை செய்யா. ஆனால் பழைய இசைநூல் வழக்கில் பண்ணுப்பெயர்த்தல் என்று ஒரு முறை உண்டு: ஒரு பண்ணின் சுரங்களை மாற்றாமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி வேறு பண்ணை எடுப்பது. அதைக் கிதாரில் செய்து பார்த்த நாள் எனக்கு மறக்காது.

வெள்ளைக் கட்டைகள் ஏழை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சியை ‘ச’ ஆக்கினால் சங்கராபரணம். விரல் எதையும் மாற்றாமல் டியை ‘ச’ ஆக்கினால் கரகரப்பிரியா. இயில் தோடி. எஃபில் கல்யாணி. ஜியில் அரிகாம்போதி. ஏயில் நடபைரவி, மேற்கத்தியர் மைனர் ஸ்கேல் என்பது இதையே. பியில் தொடங்கினால் மட்டும் பஞ்சமம் கிடைக்காது. அசையாப் பெயர்கள் ஏழும் அப்படியே இருக்கின்றன. அசையும் பெயர்கள் அவற்றின்மேல் இடம் மாறி அமர அமர, அதே ஏழு ஃப்ரெட்கள் ஆறு ராகங்களின் அளவுகளாகின்றன. ராகம் என்றால் வெறும் அளவு அன்று, சுரத்தை அசைக்கும் கமகமும் ராகத்துக்கே உரிய பிடிகளும் சேர்ந்ததே என்பதை அறிவேன். தோடியை ஃப்ரெட்டில் ஒவ்வொரு சுரமாக நிறுத்தி வாசித்தால் தோடி கேட்காது. ஆனாலும் இரண்டு வகைப் பெயர்களும் ஏன் வேண்டும் என்று எனக்கு முழுதாக விளங்கியது அன்றுதான்.

இந்த மண்ணை ஆண்ட அதியமானைப் பாடிய ஔவை, குழந்தையின் மழலை யாழோசையோடு ஒத்து வராது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கும் என்றார். யாழோடு ஒத்து வருவது என்று அன்று தகடூரில் பேசியதைத்தான் நாம் இன்று தருமபுரியில் கட்டை சேர்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

8 ஜூலை 2024

அப்பாவின் ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கித் துருத்தியைச் சரிசெய்தேன். ஒன்றாம் கட்டையை அழுத்தி, கைப்பேசி டியூனரில் பார்த்தால் சிதான்; ஆனால் ஓர் அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றமாக நிற்கிறது. ஆகவே கட்டை என்பது சர்வே எண் போல அசையாதது என்று நான் எழுதியதில் ஒரு சிறு சேர்க்கை: பெயர் அசையாது, கருவிக்குக் கருவி கல் சற்றே நகர்ந்து நடப்பட்டிருக்கும். இப்போது உலகெங்கும் ஏ என்பது வினாடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கிறார்கள். கிதாரில் அது முதல் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் கிடைப்பது அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே, 110.

4 ஆகஸ்டு 2024

நேற்று எங்கள் ஊரில் ஆடித் திருவிழா. மாலையில் கோயில் மண்டபத்தில் பஜனை. அதே பெரியவர், இப்போது நடக்கச் சிரமப்படுகிறார், ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. ஆர்மோனியக்காரரும் வந்திருந்தார். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் "ரெண்டரைக் கட்டை" என்றார். ஐந்தாம் கம்பியில் ஆறாம் ஃப்ரெட், நான்காம் கம்பியில் எட்டு, மூன்றாம் கம்பியில் எட்டு: ச, ப, மேல் ச. எண்ணவில்லை; இரண்டு கட்டையின் புள்ளிக்கு ஓர் ஃப்ரெட் மேலே என்று விரலே போய் அமர்ந்தது.

அமர்ந்தது சரிதான், ஒலி சேரவில்லை. அவருடைய ஆர்மோனியமும் அப்பாவுடையதைப் போலச் சற்று ஏற்றம். முதல் பாட்டு முழுதும் வாசிக்காமல், ஆறு கம்பிகளையும் அதற்கேற்பக் காதால் முறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாட்டிலிருந்து சேர்ந்துகொண்டேன். இரண்டாம் கம்பி மட்டும் இரண்டு முறை இறங்கியது. புதுக்கம்பி என்பதால் இருக்கலாம். அடுத்த வாரம் மாற்றிவிட்டு எழுதுகிறேன்.